ஒரு கூட்டல் டிஸ்சார்ஜ்

பேட்டரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து அன்றோடு பதினோரு நாள். லாரி பேட்டரி ஒன்று மேசையிலிருந்து நழுவி இடது காலில் விழுந்ததில் எலும்பு தப்பித்தது, சதை தப்பவில்லை. தையல் போட்டார்கள். தையல் பழுத்தது. பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்டினார்கள். அதிலிருந்து தினமும் காலையில் கட்டைப் பிரிப்பதும், உற்றுப் பார்ப்பதும், மறுபடி கட்டுவதுமாக நாள் நகர்ந்தது. முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் ஷட்டரைத் தூக்காவிட்டால் கை நமநமவென்று இருக்கும். அப்படிப்பட்ட மனுஷனைப் படுக்கப் போட்டால் சும்மா இருப்பாரா? வார்டில் எத்தனை ஃபேன் ஓடுகிறது, எதில் சத்தம் வருகிறது, எந்த ஸ்விட்ச் சூடாகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்றாம் நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன்தான் வரவில்லை.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். சின்ன வயசு, வேக நடை, அதைவிட வேகமான இங்கிலீஷ். கட்டைப் பிரித்து, புண்ணின் ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. கூட வந்த சிஸ்டரிடம் என்னவோ சொன்னார். தலைக்கு மேலே ஃபேன் போட்ட சத்தத்தில் பேட்டரிக்காரர் காதில் விழுந்தது மூன்றே வார்த்தை: "குட்", "டிஸ்சார்ஜ்", "டுடே". சிஸ்டர் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் அதை எழுதிவிட்டு, டாக்டர் பின்னாலேயே அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டாள்.

பேட்டரிக்காரர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே படுத்திருந்தவர் வக்கீல் குமாஸ்தா. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகிறது. இருபத்தாறு வருஷம் கோர்ட்டுக் கட்டுகளைத் தூக்கியவர் என்பதால் இங்கிலீஷில் எழுதிய எதற்கும் அந்த வார்டில் அவர்தான் மேல்முறையீடு.

"டிஸ்சார்ஜ்னு சொன்ன மாதிரி இருந்துதே, உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் பேட்டரிக்காரர்.

"கேட்டுச்சு. எதுக்கும் அட்டையை எடுங்க. எழுத்துல இருந்தாத்தான் செல்லும்."

அட்டையைக் கழற்றி நீட்டினார். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, தீர்ப்பைப் படிக்கிற தோரணையில் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"தேதி இன்னைக்குத்தான். டிஸ்சார்ஜ்னு எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு கூட்டல் குறி."

"கூட்டல் எதுக்கு?"

"கூட்டல்னா சரின்னு அர்த்தம். கழித்தல் போட்டிருந்தா இல்லைன்னு அர்த்தம். எங்க கோர்ட்டுலயும் டிஸ்சார்ஜ்னா விடுவிச்சாச்சுன்னுதான். உங்க மேல இனிமே கேஸ் கிடையாது. கிளம்புங்க."

பேட்டரிக்காரருக்கு அந்த வார்த்தை ஒன்றும் புதிதில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் வாயில் வருவதுதான். வண்டி கிளம்பவில்லை என்று யார் வந்தாலும், மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு" என்பார். கடையில் அது கெட்ட செய்தி, ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி. இந்த இரண்டுக்கும் மேலே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உடனே மனைவிக்கு ஃபோன் போட்டார். அவர் படுத்த நாளிலிருந்து கடையை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு விடுறாங்க. சட்டை எடுத்துக்கிட்டு வா."

"நிஜமாவா? நேத்து சிஸ்டர் இன்னும் ஒரு வாரம் ஆகும்னாங்களே."

"நேத்து நேத்துதான். இன்னைக்கு டாக்டரே சொல்லியாச்சு, எழுதியாச்சு, கூட்டலும் போட்டாச்சு."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "கால் மடங்காதே. ஆட்டோவுல எப்படி உக்காருவீங்க? நீட்டி உக்கார்ற மாதிரி வண்டி வேணும்." பிறகு, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அந்த 'பாத்துக்கறேன்' எங்கே போய் முடியும் என்று பேட்டரிக்காரர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்போதே வேண்டாம் என்றிருப்பார்.

ஏனென்றால், குடும்பத்தில் வேன் வைத்திருந்தவன் ஒருவன்தான்: அவளுடைய தம்பி. அவனும் பேட்டரிக்காரரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எல்லாரும் அந்த வேனில் வெளியே கிளம்பியிருந்தார்கள். வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மச்சினன் பானெட்டைத் திறந்தான். உள்ளே வேறு கடையில் வாங்கிய புது பேட்டரி இருந்தது. பேட்டரிக்காரருக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னாலும், "சொந்த அக்கா புருஷன் கடை வச்சிருக்கான்னு உனக்கு யாரும் சொல்லலையா?" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. மச்சினன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முறுக்கிக்கொண்டவன்தான், அக்காவைப் பார்க்க வந்தாலும் அத்தான் கடையில் இருக்கிற நேரம் பார்த்து வீட்டுக்கு வந்துபோவான். ஆஸ்பத்திரிக்கும் இரண்டு முறை வந்தான், பேட்டரிக்காரர் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து.

இதெல்லாம் நினைப்பில் இல்லாமல் பேட்டரிக்காரர் கிளம்பும் வேலையில் தலைகால் புரியாமல் இறங்கினார். ஃப்ளாஸ்கை குமாஸ்தாவுக்குக் கொடுத்தார். வீட்டிலிருந்து வந்த தலையணையை எதிர்க் கட்டில்காரருக்கு அனுப்பினார். மீதமிருந்த பழங்களை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தார். விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லாரும் வாழ்த்தினார்கள். அவர் எல்லாருக்கும் தைரியம் சொன்னார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. பதினோரு நாள்ல எனக்கே ஆயிடுச்சுன்னா உங்களுக்கு எவ்வளவு நேரம்" என்று, தானே வைத்தியம் பார்த்த மாதிரி பேசினார்.

காலிக் கட்டிலை அந்த வழியாக வந்த வார்டு பாய் பார்த்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், பெயரில்தான் பையன். கீழே கட்டிலுக்காகக் காத்திருந்த தையல்காரர் ஒருவரைக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டுப் போனார். தையல்காரர் படுத்த வேகத்தில் தூங்கியும் போனார்.

பதினொரு மணிக்கு மனைவி வந்தாள். கையில் இஸ்திரி போட்ட சட்டை. பின்னாலேயே மச்சினன்.

பேட்டரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மச்சினன் ஜன்னலைப் பார்த்தான். அவர் தன் கால் கட்டைப் பார்த்தார்.

"வேன்ல சீட்டை மடிச்சுப் போட்டிருக்கான். சௌகரியமா நீட்டிக்கலாம்" என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

"ம்" என்றார் பேட்டரிக்காரர். அதற்கு மேல் என்ன சொல்வது? வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை ரோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மச்சினன் எங்கிருந்தோ சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அடிபட்ட கால் இடிக்காதபடி ஒரு பலகையை முட்டுக்கொடுத்து, அதன்மேல் துண்டை மடித்து வைத்தான். வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பதமாகச் செய்தான். லிஃப்டுக்கு நெடுநேரம் காத்திருந்து கீழே இறங்கினார்கள். வாசல் கூரையின் கீழே வேன் நின்றது. கதவுக்கு இரண்டடி தூரத்தில் காவலாளி கையை நீட்டினார்.

"டிஸ்சார்ஜ் சீட்டு?"

"மேலே எழுதியிருக்கே" என்றார் பேட்டரிக்காரர்.

"மேலே எழுதினது மேலே இருக்கட்டும். எனக்குச் சீட்டு வேணும். சீட்டு இல்லாம விட்டா என்னைத்தான் வெளியே அனுப்புவாங்க."

மனைவி சீட்டு வாங்க மேலே போனாள். போனவள் திரும்பி வர வெகுநேரமாகியது. அதுவரை அத்தானும் மச்சினனும் அருகருகே, ஒருவர் வடக்கையும் ஒருவர் தெற்கையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் மனைவி வந்தபோது கூடவே சிஸ்டரும் வந்தாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தான். டாக்டர் டிஸ்சார்ஜ்னாரே."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அட்டையில நீங்கதானே எழுதினீங்க, கூட்டல் போட்டு."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவருக்கு முன்னால் குனிந்து, பொறுமையாகச் சொன்னாள்.

"அண்ணே, புண்ணுலேர்ந்து நீர் கசியுது பாருங்க, அதுக்கும் இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ்னுதான் பேரு. உங்க காலைப் பத்தித்தான் டாக்டர் சொன்னாரு. இன்னைக்கும் கொஞ்சம் கசிவு இருக்குன்னாரு. உங்களைப் போகச் சொல்லல."

"அப்ப கூட்டல்?"

"எவ்வளவு கசியுதுன்னு கணக்கு. நிறைய இருந்தா மூணு கூட்டல், குறைஞ்சா ரெண்டு, ஒண்ணு. முந்தாநாள் மூணு போட்டேன். நேத்து ரெண்டு. இன்னைக்கு ஒண்ணு. அதுக்குத்தான் டாக்டர் குட்னாரு. அந்த டிஸ்சார்ஜ் நின்னாத்தான் அண்ணே இந்த டிஸ்சார்ஜ்."

பேட்டரிக்காரர் முகம் தொங்கிப்போனது. இஸ்திரி போட்ட சட்டையும் சீவின தலையுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. வார்டு முழுவதும் கை கொடுத்து விடைபெற்று வந்தாயிற்று. பழத்தைப் பங்கு வைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, எதிரில் மச்சினன். இவன் சிரிக்கப் போகிறான், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வட்டியும் முதலுமாகச் சிரிக்கப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மச்சினன் சிரிக்கவில்லை. "மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு குறைஞ்சுதானே வருது" என்று சிஸ்டரிடம் கேட்டான். "அப்ப நல்லாத்தானே ஆறுது? எத்தனை நாள் ஆகும்?"

"நாலஞ்சு நாள்."

"அதுக்கென்ன, அஞ்சு நாள் கழிச்சு வந்தாப் போச்சு" என்றான்.

அதற்குள் பின்னால் ஹாரன் அடித்தது. காலி ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வர இடம் கேட்டது. காவலாளி வேனை எடுக்கச் சொன்னார். மச்சினன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். அந்த 'டிக்'கும் இல்லை. காலையில் மழை இருட்டாக இருந்ததால் போட்ட ஹெட்லைட்டை வந்த அவசரத்தில் அணைக்காமல் விட்டிருந்தான்.

அவன் இறங்கி வந்து, காதைச் சொறிந்துகொண்டு நின்றான். யாரிடம் சொல்லாமல் இருக்க வேண்டுமோ அவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு போல, அத்தான்."

இரண்டு வருஷத்தில் அவன் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். முதலில் சிரித்தது சிஸ்டர். பிறகு மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காவலாளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேட்டரிக்காரர் விறைப்பாக இருந்து பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்க, கட்டுப் போட்ட கால் அதிர, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பானெட்டைத் தூக்கு" என்றார் பிறகு. "என்னைப் பக்கத்துல தள்ளு."

உள்ளே அதே பேட்டரி. வேறு கடை பேட்டரி. முனைகள் இரண்டிலும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் நாக்கு நுனிவரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னார்.

"பேட்டரி நல்ல பேட்டரிதான். முனையைத்தான் யாரும் கவனிக்கல. டீக்கடையில ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிட்டு வா."

வெந்நீர் வந்தது. எப்படி ஊற்றுவது, எதை முதலில் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எவ்வளவு முறுக்குவது என்று நாற்காலியிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்ல, மச்சினன் செய்தான். குனிந்து துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் மச்சினன் பேசினான்.

"இதை ஆசைப்பட்டு வாங்கல அத்தான். இருநூறு கிலோமீட்டர் தள்ளி நடுரோட்டுல வண்டி நின்னுடுச்சு. உள்ளே ஒரு கல்யாண வீட்டுக்காரங்க, கைக்குழந்தை வேற. கண்ணுக்கு எட்டின தூரத்துல ஒரே ஒரு கடை. அங்கே இருந்தது இதுதான்."

பேட்டரிக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க? சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க."

பேட்டரிக்காரர் தலையை ஆட்டினார். "தப்புதான்" என்றார் மெதுவாக. அவர் மனைவி கல்யாணமான இருபத்தி மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் வேனின் கண்ணாடியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் தன் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து உதவினார். ஒரே முறைதான், வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. பேட்டரிக்காரருக்குப் பதினோரு நாளில் அதைவிட நல்ல மருந்து யாரும் கொடுத்திருக்கவில்லை.

மேலே போனால் அவர் கட்டிலில் தையல்காரர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. சிஸ்டர் யோசித்து, ஜன்னலோரம் இருந்த கட்டிலை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் தெருவும் கடைகளும் போகிற வருகிற வண்டிகளும் தெரிந்தன. முன்னாலேயே அந்தக் கட்டில் கிடைத்திருந்தால் பாதி அலுப்புக் குறைந்திருக்கும். எதிர்க் கட்டில்காரர் தலையணையைத் திருப்பிக் கொடுத்தார். குமாஸ்தா ஃப்ளாஸ்கை நீட்டிக்கொண்டு அசடு வழிய நின்றார்.

"அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு உட்பிரிவு இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

"ஃப்ளாஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் பேட்டரிக்காரர். "நீங்க தப்பாப் படிச்சதுல எனக்கு ஒரு மச்சினன் கிடைச்சான்."

மனைவி கொண்டுவந்திருந்த சாப்பாட்டை அன்று மூன்று பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மச்சினன் வேன் தொழில் எப்படிப் போகிறது, எந்த ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது என்று இரண்டு வருஷத்துக் கதையையும் சொன்னான். பேட்டரிக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு இடத்தில் வாய் திறக்கப் போய், மனைவி கண்ணைக் காட்டியதும் ஒரு வாய்ச் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நடந்த கதையைச் சிஸ்டர் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், வாயைத் திறந்து, 'டி' என்று ஆரம்பித்து, நிறுத்தி, "கசிவு" என்றார். அதிலிருந்து அந்த வார்டில் புண்ணுக்கு ஒரு சொல், வீட்டுக்கு ஒரு சொல் என்று பிரிந்துபோனது. அடுத்த நாளும் ஒரு கூட்டல். அதற்கடுத்த நாள் சிஸ்டர் கூட்டலே போடவில்லை. இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பதினாறாம் நாள் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, நிதானமாக, தமிழில் சொன்னார்.

"ஐயா, நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுக்குன்னா எங்க வீட்டுக்குத்தானே டாக்டர்?"

"உங்க வீட்டுக்குத்தான். சீட்டும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

இந்த முறை காவலாளி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தானே வேன் கதவைத் திறந்துவிட்டார். வழியில் கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பேட்டரிக்காரர் பிடித்த பிடியாக நின்றார். மச்சினன் தோளில் சாய்ந்து உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கே எது கிடக்கிறது என்று அவருக்கு மட்டுமே தெரிந்த குவியல்கள் காணாமல் போயிருந்தன. சுவரோரம் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மனைவி கொட்டை எழுத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தாள்: நிறைந்தது, பாதி, காலி.

"டிஸ்சார்ஜ்னு எழுதினா கஸ்டமர் குழம்புறாங்க" என்றாள். "இப்படி எழுதினா வர்றவங்களுக்கும் புரியுது, எனக்கும் புரியுது."

அவர் மூன்று வரிசையையும் ஒரு முறை கண்ணால் அளந்தார். ஏதாவது ஒரு பேட்டரி வரிசை மாறியிருக்கிறது என்று குறை சொல்ல ஆசைதான். தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மச்சினன் அவரை நாற்காலியில் உட்கார வைத்தான்.

அந்த நேரம் ஒருவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார். பேட்டரிக்காரர் எழுந்திருக்கப் போனார். மனைவி மீட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். வாசலில் அவள் அந்த ஆளிடம் விவரம் கேட்பதும், அவர் சொல்வதும், மச்சினன் நடுவில் ஏதோ ஜோக் அடிப்பதும் கேட்டது. பேட்டரிக்காரர் நாற்காலியில் சாய்ந்து, எதிரே கிடந்த ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். மீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒரு குரல் கொடுத்துக் கேட்கலாமா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது.